லிவர்பூலின் ‘தி வைன்ஸ்’: பீர் ஆலை கட்டிய மாளிகை

லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து அடெல்ஃபி ஓட்டலை நோக்கி நடப்பவர்கள், காப்பரஸ் ஹில் தெரு வந்து சேரும் மூலையில் நிற்கும் கட்டடத்தைப் பழைய வங்கி என்றோ நாடக அரங்கு என்றோ எண்ணிக் கடந்துபோக வாய்ப்புண்டு. அது 1907இல் ராபர்ட் கேய்னின் பீர் ஆலைக்காகக் கட்டப்பட்ட மதுவிடுதி. பெயர் ‘தி வைன்ஸ்’ என்றாலும் உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘பெரிய வீடு’தான். லிவர்பூலில் ஒரே ஒரு பப் கட்டடத்தைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்று யாரேனும் கேட்டால், இதே ஆலைக்காக இதே கட்டடக் கலைஞர் ஹோப் தெருவில் எழுப்பிய, இதைவிடப் பன்மடங்கு புகழ்பெற்ற ‘ஃபில்ஹார்மோனிக்’ என்ற பப்பை விட்டுவிட்டு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஒரு பீர் ஆலை இத்தனை பணத்தை ஒரு மதுக்கடையில் ஏன் கொட்டியது என்பது தெரிந்தால்தான் இக்கட்டடம் முழுமையாகப் புரியும். அக்காலத்து இங்கிலாந்தில் மதுவிலக்கு இயக்கம் வலுவாக இருந்தது. உரிமம் வழங்கும் நீதிபதிகள் புதிய உரிமங்களைத் தரத் தயங்கினார்கள். தேவைக்கு மிஞ்சியவை என்று கருதப்பட்ட கடைகளை, மதுத் தொழிலிடமிருந்தே வசூலித்த நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்து மூடுவதற்கு 1904ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. ஆகவே கையிலிருந்த உரிமம் ஒவ்வொன்றும் பொன்னாயிற்று. சொந்த பீரை மட்டுமே விற்கும் தங்கள் கடைகளை, எவரும் குறைசொல்ல முடியாத கண்ணியமான இடங்களாக இடித்துக் கட்டுவதே ஆலைகளுக்கு ஆதாயம் என்றாயிற்று. அதே இடத்தில் 1867 முதல் ஆல்பர்ட் வைன்ஸ் என்பவர் நடத்திவந்த பழைய விடுதியின் பெயரைப் புதிய கட்டடமும் தாங்கிக்கொண்டது. அயர்லாந்தில் பிறந்து லிவர்பூலின் பெரும் ஆலை அதிபர்களுள் ஒருவராக உயர்ந்த கேய்ன், கட்டடம் எழுந்த அதே ஆண்டில் காலமானார்.

கட்டடக் கலைஞர் வால்டர் தாமஸ். லிவர்பூலின் அடையாளமான ராயல் லிவர் கட்டடத்தை வடிவமைத்த வால்டர் ஆப்ரி தாமஸ் வேறொருவர்; இருவரையும் ஒருவராக எண்ணிக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வெளிப்புறம் எட்வர்டிய பரோக் என்ற, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆடம்பர அலங்காரப் பாணியில் அமைந்தது. வளைந்து நெளிந்து ஏறும் முகப்புச் சுவர்களும் மூலைக் கோபுரமும் தெருவின் வானக்கோட்டையே தம் வசமாக்கிக்கொள்கின்றன. வேலைப்பாடு சற்று மிகையானது என்றே எனக்குப் படுகிறது. கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றுச் சுவர் அரிதாகவே கிடைக்கிறது. ஆயினும் ரயிலிலிருந்து இறங்கும் அந்நியனின் கண்ணில் தூரத்திலேயே பட வேண்டும் என்பதே ஆலையின் நோக்கம் என்பதால், இந்த ஆரவாரத்தைப் பிழை என்று தள்ளிவிட முடியவில்லை.

உண்மையான சாதனை உள்ளே இருக்கிறது. அக்காலப் பப் என்பது ஒரே கூடமன்று. பொது பார், புகைபிடிக்கும் அறை, லவுஞ்ச் என்று வருபவரின் தகுதிக்கும் பணப்பைக்கும் ஏற்பப் பிரிக்கப்பட்ட அறைகளின் தொகுதி. இங்கே தெருவிலிருந்து உள்ளே செல்லச் செல்ல வேலைப்பாடும் அமைதியும் ஒருசேரக் கூடுகின்றன. மஹாகனிப் பலகைச் சுவர்கள், செதுக்கிய பெண்ணுருவங்கள் தாங்கும் கணப்பு, மேலே புடைப்புச் சுதை வேலை என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம்விட்டு அமைந்திருக்கிறது. சுதை வேலையில் பிராம்ஸ்குரோவ் கில்டு என்ற கைவினைஞர் அமைப்புக்கும் குஸ்தாவ் ஹில்லருக்கும் பங்குண்டு. செம்புத் தகடுகளை மட்டும் அருகில் சென்று பாருங்கள். தகட்டை மெத்தென்ற தளத்தில் குப்புற வைத்து, பின்புறமிருந்து தட்டித் தட்டி உருவத்தை எழுப்பி, பிறகு முன்புறம் திருத்தும் வேலை இது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது சுத்தியலின் சிறுசிறு குழிகள் ஒவ்வொன்றும் தனியே தெரியும். வார்ப்பில் கிடைக்காத உயிர் அதில் இருக்கிறது.

பின்புறத்தில், முன்பு பில்லியர்ட்ஸ் கூடமாக இருந்த பெரிய அறை, இக்கட்டடத்தின் மணிமகுடம். அதன் கூரையின் நடுவே வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் மேலெழுகிறது. பக்கச் சுவர்களை நம்பாமல் ஒளியைக் கூரை வழியே இறக்கிய இந்த ஏற்பாட்டினால், நெருக்கமான நகர மனையின் உட்பகுதி இருண்ட கிடங்காகிவிடாமல் தப்பியது. கப்பல் கூலியாளாயினும் வணிகராயினும் ஒரு கோப்பை பீரின் விலைக்கு இப்படிப்பட்ட கட்டடத்துக்குள் நுழைய முடிந்தது என்பதை நினைக்கும்போது, அந்த ஆலையின் வணிகக் கணக்கையும் மீறி எனக்கு அதன்மேல் மதிப்பு ஏற்படுகிறது.

1900ஆம் ஆண்டு வாக்கில் முடிந்த ஃபில்ஹார்மோனிக், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் முதல் தரத்துக்கு 2020இல் உயர்த்தப்பட்டது. வைன்ஸ் அதற்கு அடுத்த ‘இரண்டு நட்சத்திர’ தரத்தில் இருக்கிறது. முன்னதன் இரும்புக் கதவுகளும் பளிங்குக் கழிப்பறையும் தனித்தனியே வியப்பூட்டுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அறைக்கு அறை நகரும்போது உணர்ச்சி படிப்படியாக வளர்வது வைன்ஸில்தான். அங்கே தாமஸ் அலங்காரத்தைச் சேகரித்தார். இங்கே அதை ஒழுங்குபடுத்தினார். பார்க்கப் போகிறவர்கள் கூட்டம் சேராத பகல் வேளையில் செல்வது நல்லது. குவிமாடத்துக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். பின்கூடம் பூட்டியிருந்தால் பாரில் கேட்டுப் பாருங்கள்.