ஆரஞ்சுத் தோல் 'ஹெஸ்பெரிடின் 90%' பவுடர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூஸ் பிழிந்தபின் வீணாகும் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்தது, 90 சதவீதம் ஹெஸ்பெரிடின் (சிட்ரஸ் தோலில் இயற்கையாக இருக்கும் ஒரு ஃபிளாவனாய்டு), முகக் கிரீமில் அப்படியே சேர்க்கலாம் என்றெல்லாம் சொல்லி எனக்கு விற்கப்பட்ட பவுடரில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுப்பொருளிலிருந்து செய்யும், தண்ணீரில் கரையும் நிரப்பி. சிறிய அளவில் கிரீம், சீரம் செய்து விற்கிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்த விற்பனை நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தோலிலிருந்து எடுப்பது ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. பழத்தைப் பிழிந்தால் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சும். மேல்தோலில் எண்ணெய், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் பெக்டினும் ஹெஸ்பெரிடினும் நிறைய. ஹெஸ்பெரிடின் சாதாரணத் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவாகத்தான் கரையும், ஆனால் காரத்தில் கரையும். அதனால் தோலைச் சுண்ணாம்பு கலந்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அதில் அமிலம் சேர்த்தால் படிகமாக அடியில் தங்கிவிடும். பழைய முறை, நல்ல முறை.

எனக்கு வந்த பவுடரோ ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கியதும் சர்க்கரை மாதிரிக் கரைந்து, லேசான மஞ்சள் நிறத்தில் தெளிவாக நின்றது. அடியில் ஒரு துளி வண்டல் இல்லை. நாக்கில் வைத்தால் மெல்லிய இனிப்பு. 90 சதவீதம் ஹெஸ்பெரிடின் என்றால் கலங்கி, கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டேன். 'இது தண்ணீரில் கரையும் ரகம் மேடம், புது டெக்னாலஜி' என்றார். அப்படி ஒரு ரகம் நிஜமாகவே உண்டு, என்சைம் வைத்து குளுக்கோஸை ஒட்டிய குளுக்கோசில் ஹெஸ்பெரிடின். ஆனால் அது வேறு பொருள், சான்றிதழிலும் லேபிளிலும் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும். பையிலோ வெறும் ஹெஸ்பெரிடின். இதைச் சொன்னதும் பதில் வருவது நின்றுவிட்டது.

அப்புறம் அந்தப் பரிசோதனைச் சான்றிதழ். பார்க்க அமர்க்களமாக இருக்கும், முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. பையில் ஒரு பேட்ச் எண், சான்றிதழில் வேறு எண். அதைவிடக் கூத்து, பரிசோதனை செய்த தேதி, பையில் அச்சிட்ட தயாரிப்புத் தேதிக்கு முந்தையது! சோதனை முறை என்ற இடத்தில் 'யூ.வி.' (புற ஊதா ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது) என்று மட்டும் இருந்தது. அந்த முறையில் அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் மற்ற பொருள்களும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும். ஹெஸ்பெரிடினை மட்டும் தனியாகப் பிரித்து அளக்க ஹெச்.பி.எல்.சி. என்ற திரவ நிறப்பிரிகை முறை வேண்டும். வெளி ஆய்வகம் ஒன்றில் அந்த முறையில் பார்த்தபோது கிடைத்தது பத்து சதவீதம்கூட இல்லை.

இதோடு இலவசமாக ஒரு 'சிட்ரஸ் எண்ணெய்' பாட்டில் வேறு. எந்தப் பழம் என்று லேபிளில் இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. லைம் எண்ணெயைப் பிழிந்து எடுத்திருந்தால் அதில் வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் ஃபியூரோகூமரின்கள் என்ற பொருள்கள் இருக்கும், பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளமே வரலாம். கழுவாமல் விடும் பொருளில் அதற்கு ஐ.எஃப்.ஆர்.ஏ. (சர்வதேச வாசனைப்பொருள் சங்கம்) வைத்திருக்கும் வரம்பு 0.7 சதவீதம், பெர்கமாட் என்ற இன்னொரு சிட்ரஸ் பழத்தின் எண்ணெய்க்கு 0.4. ஆவியில் வடித்த லைம் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பழம், எந்த முறை என்று தெரியாமல் எவ்வளவு சேர்ப்பது? போதாக்குறைக்கு நிறமில்லாத பாட்டில், பாதிதான் நிரப்பியிருந்தார்கள், திறந்தால் டர்பன்டைன் வாடை. ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் (limonene) என்ற வாசனைப் பொருள்தான், காற்றுப் பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. நான் அதைத் தொடவே இல்லை.

பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிய அறிக்கை கேட்டதற்கு 'இயற்கைப் பொருளுக்கு எதற்கு?' என்று முன்பே ஒரு பதில் வந்திருந்தது. அறுவடைக்குப் பிறகு பழம் அழுகாமலிருக்க அடிக்கும் இமாசலில் மாதிரியான பூஞ்சைக்கொல்லி தங்குவதே தோலில்தான், அதனால் பழத்தோலிலிருந்து எடுத்த பொருளை வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய அறிக்கை அது.

பிரித்த பையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், பணம் இன்னும் வரவில்லை. பணம் செலுத்திய தளத்தில் ஆய்வக அறிக்கையோடு புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது அதே பை, அதே படத்தோடு, வேறு கடைப் பெயரில் 95 சதவீதம் என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் கிரீமில் சேர்க்கும் முன் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.