ஒரே கூரையா, கடல் தாண்டிய நகலா?

கனடாவின் காலனிக்கால சட்டமன்றங்கள் தங்கள் ஆவணங்களை இரண்டு விதமாகக் காத்தன.

முதல் வழி, எல்லாவற்றையும் சட்டமன்றக் கட்டடத்திலேயே வைப்பது. வசதிக்கு இதை அடிக்க முடியாது: விவாதத்தின் நடுவே பழைய சட்டம் தேவையா, எழுத்தர் பக்கத்து அறைக்குப் போய் எடுத்து வந்துவிடலாம். ஆனால் தீ வந்தால் எல்லாமே போச்சு. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை யார்க் நகரத்தைப் பிடித்தபோது (இன்றைய டொராண்டோதான்) சட்டமன்றக் கட்டடங்கள் எரிந்தன. செங்கோலையும் தூக்கிப் போனார்கள். அது திரும்பி வந்தது 1934-இல்! 1849 ஏப்ரல் 25 அன்று மாண்ட்ரியலில் நடந்தது இன்னும் மோசம். கிளர்ச்சி இழப்பீட்டு மசோதாவுக்கு (1837–38 கிளர்ச்சியில் சொத்து இழந்தவர்களுக்கு ஈடு தருவது; கிளர்ச்சிக்காரர்களுக்கும் பணம் போகும் என்று பலர் எதிர்த்தார்கள்) ஆளுநர் எல்ஜின் ஒப்புதல் கொடுத்த கோபத்தில் கூட்டம் மன்றத்துக்கே தீ வைத்தது. 20,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்த நூலகத்தில் மிஞ்சியவை சுமார் 200. விக்டோரியா ராணியின் படத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது வழி, சட்டங்களையும் அவைக் குறிப்புகளையும் நகலெடுத்து லண்டனுக்குக் கப்பலில் அனுப்புவது. நோக்கம் பாதுகாப்பு அல்ல, காலனிகள் மீது பிரிட்டிஷ் அரசின் மேற்பார்வை. கையால் எழுத வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழுக்களின் கடிதங்கள், மனுக்கள் போன்றவை பெரும்பாலும் இதில் சேராது. ஆனாலும் யார்க்கில் எரிந்த குறிப்புகளில் பலவற்றைப் பின்னாளில் மீட்க உதவியவை அந்த லண்டன் நகல்கள்தான்.

என்னைக் கேட்டால், சலித்துக்கொண்டாவது நகலெடுத்த எழுத்தருக்கே என் ஓட்டு.