கோர்சிகா: கோர்ட்டேயா, போனிஃபாசியோவா?

கோர்சிகா என்றதும் பலருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் பிரான்சுக்குச் சொந்தமான இந்த மத்தியதரைக் கடல் தீவில் மோந்தே சிந்தோ சிகரம் 2,706 மீட்டர் உயரம். அதனால் மலையா கடலா என்று முடிவு செய்வது உண்மையிலேயே கஷ்டம்.

தெற்கு முனையில் இருக்கிறது போனிஃபாசியோ. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் பழைய வீடுகள். அடிப்பாறையை அலைகள் குடைந்துவிட்டதால், படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வீடுகள் அந்தரத்தில் நிற்பது போலவே தெரியும். பாறையில் வெட்டிய 187 படிகள் செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்குகின்றன. எதிரே சுமார் 12 கிலோமீட்டரில் இத்தாலியின் சார்டினியா. கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் ஆகஸ்டில் கூட்டம் அலைமோதும், அறை வாடகையும் எகிறிவிடும்.

கோர்ட்டே தீவின் நடுவில், மலைகளுக்குள். கோர்சிகாவின் விடுதலைத் தலைவர் பாஸ்குவாலே பாவோலி 1765இல் பல்கலைக்கழகம் தொடங்கிய ஊர். தீவின் பெரிய நகரங்களான அஜாக்சியோ, பாஸ்தியா இரண்டிலிருந்தும் ரயிலில் வந்துவிடலாம். போனிஃபாசியோவுக்கு ரயிலே கிடையாது. பக்கத்து ரெஸ்தோனிகா பள்ளத்தாக்கில் ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெளிவாகத் தெரியும். அப்புறம், 1,711 மீட்டர் உயரத்தில் மெலோ ஏரி. வழியில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய இடமும் உண்டு. நல்ல ஷூ கட்டாயம்.

சின்னக் குழந்தைகளோடு, நீச்சலுக்கு என்றால் தெற்கே போங்கள். என்னைக் கேட்டால் கோர்ட்டேதான், அதுவும் செப்டம்பரில். பள்ளத்தாக்குச் சாலை திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.