மாரடைப்பில் இதயக் குழாயை அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்க எது: ஸ்ட்ரெப்டோகைனேஸா, டெனெக்டெப்ளேஸா?

இசிஜியில் எஸ்டி பகுதி (ஒவ்வொரு துடிப்பின் கோட்டிலும் வரும் ஒரு துண்டு) உயர்ந்திருக்கிறது, நெஞ்சுவலி தொடங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (அடைப்பைப் பலூனால் திறக்கும் சிகிச்சைக்கு) வழியில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கட்டைக் கரைக்கும் ஊசி என்ற பேச்சே. எஸ்டி உயராத மாரடைப்பில் ரத்தக்கசிவு ஆபத்துதான் மிச்சம். முன்பு மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு இரண்டுமே கூடாது.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் மலிவு. 15 லட்சம் யூனிட்டை 100 மில்லி சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடம் டிரிப்பாக ஏற்ற வேண்டும். வம்பு அந்த ஒரு மணி நேரத்தில்தான். பாதி ஏறுவதற்குள் பிபி சரியலாம். அலர்ஜி என்று பதறி மிச்ச மருந்தைக் கொட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டிரிப்பை நிறுத்தி, காலை உயர்த்தி, சலைன் கொடுத்து, பிபி ஏறியதும் வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். தடிப்பு, மூச்சிரைப்பு இருந்தால் கதை வேறு, அது உண்மையான அலர்ஜி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து எடுப்பதால் உடல் இதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும். ஒருமுறை ஏற்றியவருக்கு வருடங்கள் கழித்தும் மறுபடி ஏற்றக்கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசி, 5 முதல் 10 வினாடியில் முடிந்துவிடும். 60 கிலோவுக்குக் கீழ் 30 மில்லிகிராம்; 60 கிலோவிலிருந்து 35, 70இலிருந்து 40, 80இலிருந்து 45, 90 கிலோவிலும் அதற்கு மேலும் 50. 75 வயதைத் தாண்டியவருக்கு அளவில் பாதி. எடையைக் கண்மதிப்பில் கூட்டிப்போட்டால் விலை மூளை ரத்தக்கசிவு. குப்பியைக் குலுக்கினால் நுரைக்கும், மெல்லச் சுழற்றுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்) ஓடிய லைனில் போட்டால் மருந்து திரிந்து படியும். முன்னும் பின்னும் சலைனால் கழுவ வேண்டும்.

பலனில்? 1993இல் வந்த கஸ்டோ என்ற பெரிய ஆய்வில் 30 நாள் இறப்பு, டெனெக்டெப்ளேஸின் முன்னோடி மருந்தான ஆல்டெப்ளேஸுக்கு 6.3%, ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு 7.2 முதல் 7.4%. 1999இல் டெனெக்டெப்ளேஸ் ஆல்டெப்ளேஸுக்குச் சமமாக நின்றது. மூளைக் கசிவு மட்டும் ஸ்ட்ரெப்டோகைனேஸில் சற்றுக் குறைவு. ஆக, இரண்டும் கையிலிருந்தால் டெனெக்டெப்ளேஸ்தான். ஆனால் அதைத் தேடி ஒரு மணி நேரம் போக்குவதைவிட, இருக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸை உடனே தொடங்குவது மேல்.

எதைப் போட்டாலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஹெப்பாரின் வகை ஊசி கூடவே வரும். 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி இசிஜி. எஸ்டி பாதியாவது இறங்கவில்லையா? இன்னொரு டோஸ் வேண்டாம், ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்புங்கள்.