கையால் செய்த கத்தி: வெட்டவா, பூட்டி வைக்கவா?

1936இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் ஒருவர் படகின் பழைய பெயின்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த போ ராண்டல் என்பவருக்கு ஆச்சரியம். அவ்வளவு சுரண்டியும் கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. வில்லியம் ஸ்கேகல் என்ற கொல்லர் தன் கையால் செய்த கத்தி அது. ராண்டல் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அதே மாதிரி ஒன்றைத் தானே செய்து பார்த்தார், அப்புறம் அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. 1950களில் அந்த ராண்டல் கத்தி ஒன்றை வாங்கப் போன பாப் லவ்லெஸ் என்ற கப்பல் தொழிலாளியிடம் ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்க மனமில்லாமல் அவரும் தானே ஒன்றைச் செய்தார். இன்று உலகம் முழுக்கக் கத்தி செய்பவர்கள் அவருடைய வடிவங்களைப் பார்த்துச் செய்கிறார்கள்.

அந்த ஸ்கேகல் கத்தி அன்றைக்கு வெல்வெட் பெட்டிக்குள் இருந்திருந்தால் இதில் பாதிக் கதை நடந்திருக்காது. இன்றைக்கு யாராவது ஸ்கேகல் கத்தியை எடுத்துப் படகைச் சுரண்டினால் சேகரிப்பாளர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே நியாயம்தான். ஆனால் நம் கையில் இருக்கிற கத்தி எந்தப் பக்கம் சேர்ந்தது என்று பார்க்கும்போது பலரும் விலையை மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், பயன்படுத்தினால் கத்திக்கு உண்மையில் என்ன ஆகிறது?

நிறையப் பேர் முதல் வெட்டுக்கே பயப்படுகிறார்கள். ஒரு கயிற்றை வெட்டினால் கத்தி கெட்டுவிடாது. துடைத்து எண்ணெய் தடவினால் வெட்டியதற்கான அடையாளமே தெரியாது. அட்டைப்பெட்டியிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அட்டையில் கலந்திருக்கும் நுண்ணிய துகள்கள் கூரையும் மழுக்கும், பக்கங்களில் மெல்லிய கீறலும் போடும். கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றிய அலகில் அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும். உப்புத்தாளால் ஒரே திசையில் கையால் தேய்த்து முடித்த அலகில் கோடுகளோடு கோடாகக் கலந்துவிடும்.

திரும்பி வர முடியாத இடம் முதல் வெட்டு அல்ல, முதல் சாணை. கத்தி தீட்டுவது என்றால் எஃகைத் தேய்த்து எடுப்பது. அலகு கூர் விளிம்பை நோக்கிப் போகப் போக மெலிந்துகொண்டே போகும்படி செய்தவர் அதை இழைத்திருப்பார். தீட்டத் தீட்ட அந்த மெல்லிய பகுதி தேய்ந்து, கூர் மேலே தடித்த பகுதிக்கு ஏறும். சில வருடம் கழித்துப் பார்த்தால் கூர் இருக்கும், ஆனால் வெட்டு இறங்காது, ஆப்பு மாதிரி நிற்கும். அதைச் சரிசெய்யப் பக்கங்களையும் இழைக்க வேண்டும், அப்போது முதல் நாள் மெருகு மொத்தமாகப் போய்விடும். வேகமாகச் சுழலும் பெல்ட்டில் தண்ணீர் காட்டாமல் தீட்டினால் கூரின் நுனி சூடேறி, கொல்லர் பார்த்துப் பார்த்து ஏற்றிய பதமே இறங்கிவிடும். அதனால் நான் சாணைக்கல்லைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பேன். தோல் பட்டையில் நாலு இழுப்பு இழுத்தாலே கூர் பல வாரம் தாக்குப்பிடிக்கும், எஃகும் கிட்டத்தட்டக் குறையாது.

சரி, பயன்படுத்தாமல் வைத்தால் மட்டும் அப்படியே இருக்குமா? இங்கேதான் நான் சூடுபட்டேன்.

முதன்முதலாக வாங்கிய கையால் செய்த கத்தியை, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக அதன் தோல் உறையிலேயே செருகி அலமாரியில் வைத்தேன். கார்பன் எஃகு அலகு, அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரலைக் காக்கும் பித்தளைக் காப்பு. இரண்டு வருடம் கழித்து உருவினால் பித்தளையில் பச்சை பூத்திருந்தது, உறையின் தையல் ஓரமாக அலகில் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். துணியால் தேய்த்தால் போகவில்லை, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. அலகின் நடுவே இன்னொன்றும் இருந்தது: பழுப்பு நிறத்தில், ரேகை ரேகையாக, ஒரு கட்டைவிரல். யாரிடமோ காட்டிவிட்டுத் துடைக்காமல் உறையில் போட்டிருக்கிறேன். ஒரு வெட்டுகூட வெட்டாத கத்தி அது.

தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் மிச்சம் இருக்கும். அதனால் உறை வேறு, கத்தி வேறாக வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் அசட்டையாக இருக்க முடியாது, அதிலுள்ள குரோமியம் துருவைத் தள்ளிப்போடுமே தவிர அடியோடு தடுக்காது. தந்தக் கைப்பிடி காற்று வறண்டால் வெடிக்கும். செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடி இன்னும் மோசம். வருடங்கள் போகப் போக அது சிதைந்து அரிக்கும் வாயுவை வெளியேற்றும், அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைத்துவிடும். பூதம் காத்த புதையல் மாதிரி பூட்டி வைத்தால் மட்டும் போதாது, பூதமும் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான ஒரு நுண்படிக மெழுகைத்தான் பல சேகரிப்பாளர்கள் இன்றும் பூசுகிறார்கள். எண்ணெயைப் போல வழிந்து போகாது, கைரேகையும் ஒட்டாது.

தினமும் எடுத்து, கழுவி, துடைக்கிற கத்திக்கு இந்த வம்பெல்லாம் குறைவு. கார்பன் எஃகில் நாளாக நாளாக ஒரு சாம்பல்நீலப் படலம் படியும், வெங்காயம், எலுமிச்சை வெட்டினால் சீக்கிரமே வரும். பார்க்க அழுக்கு மாதிரி தெரிந்தாலும் செந்துருவை ஓரளவு அண்டவிடாமல் வைப்பது அதுதான்.

பணக் கணக்கு சுருக்கம். தீட்டாத, கீறாத, உறையும் பெட்டியும் ரசீதும் சேர்ந்த கத்திக்குத்தான் மறுவிற்பனையில் முழு மதிப்பு. தீட்டிய கத்திக்குக் குறையும். ஆனால் மதிப்பு ஏறுவது கொஞ்சம் பேர் செய்த கத்திக்கு மட்டும்தான். 2010இல் மறைந்த லவ்லெஸின் கத்தி வேறு, நேற்று பட்டறை வைத்தவரின் கத்தி வேறு. முதலீடு என்று சொல்லிக்கொண்டு அலமாரியை நிரப்பும் பலருடைய கத்திகளை, வாங்கிய விலைக்கே யாரும் கேட்பதில்லை.

செய்பவர்களே இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு, கத்தி செய்யும் கொல்லர்களுக்காக 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி என்ற சங்கத்தின் தேர்வு நல்ல சாட்சி. தேர்வுக்கு வருபவர் தன் கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும், மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்கப்புறமும் அதே கூரால் கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியில் அந்தக் கத்தியை இடுக்கியில் மாட்டி 90 பாகை வளைப்பார்கள். அத்தோடு அதன் கதை முடிந்தது. பிறகு அவர் செய்த வேறு ஐந்து கத்திகளை மேசையில் பரப்பி, ஒரு கீறல் உண்டா, ஓர் இடுக்கு தெரிகிறதா என்று நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அந்த ஐந்தும் எதையும் வெட்டுவதில்லை. ஒரே ஆளின் கையிலிருந்து இரண்டு வகைக் கத்தியையும் எதிர்பார்க்கிறார்கள்.

அதனால் நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் தேய்ந்துபோவதைத் திரும்ப வைக்க ஆள் இருக்கிறாரா? செய்தவர் உயிரோடு, பட்டறையோடு இருந்தால் பெரும்பாலும் மெருகைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பார், கைப்பிடியை மாற்றுவார். டமாஸ்கஸ் எனப்படும் அடுக்கு எஃகில் மங்கிய வரிகளைக்கூட அமிலத்தில் முக்கி மீண்டும் எழுப்பலாம். அப்படிப்பட்டதைத் தயங்காமல் வெட்ட எடுங்கள். செய்தவர் போய்விட்டார், தந்தக் கைப்பிடி, கையால் செதுக்கிய வேலைப்பாடு என்றால் வைத்துவிடுங்கள். தந்தத்துக்கு 1990 முதல் சர்வதேச வணிகத் தடையும் இருக்கிறது, மாற்றுப்பிடி தேடி அலைய முடியாது.

ஒரே ஆளிடம் இரண்டு வாங்கி ஒன்றை வைத்து, ஒன்றை வெட்டுவது என்று ஒரு மூன்றாவது வழி சொல்வார்கள். காசு இருந்தால் செய்யலாம். என் அனுபவத்தில் வைத்த கத்தி நினைவிலேயே இருப்பதில்லை. எல்லாவற்றிலும் மோசம் அரைகுறைதான்: வெட்டவும் மாட்டோம், பராமரிக்கவும் மாட்டோம், வருபவர்களிடம் மட்டும் எடுத்துக் கொடுப்போம். என் கட்டைவிரல் ரேகை அப்படி வந்ததுதான்.

இரண்டாவது கத்திக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, தினமும் வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி மெருகு வேண்டாம் என்று செய்பவரே சொன்னார். துணி அடுக்கில் பிசின் ஊற்றி அழுத்திய மைக்கார்ட்டா கைப்பிடி போட்டார், கூரை இன்னும் மெலிதாக இழைத்தார், கைப்பிடிப் பக்கம் கூர் முடியும் இடத்தில் சாணைக்கல் தட்டாமலிருக்க ஒரு சின்ன வெட்டும் விட்டார். உறை கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.