செராமிக் ஃபைபருக்கு எந்தக் கோட்டிங்: கார்பனா, போரான் நைட்ரைடா, மோனசைட்டா?

நம்ம பாம்பன், மண்டபம் பக்கம் ஃபைபர்னு சொன்னா எல்லாருக்கும் ஃபைபர் வள்ளம்தான் ஞாபகம் வரும். கண்ணாடி நூல் பாயை விரிச்சு ரெசினை ஊத்தி ரோலர் போட்டு காத்துக் குமிழி இல்லாம அமுக்குவாங்க. நூலும் ரெசினும் எவ்வளவு கெட்டியா பிடிக்குதோ அவ்வளவு நல்லது, அதுக்குன்னே கண்ணாடி நூல் மேல சிலேன்னு ஒரு பூச்சு ஃபேக்டரியிலயே பூசித்தான் வருது. ஆனா ஜெட் இன்ஜினுக்குள்ள போற செராமிக் காம்போசிட்ல கதையே தலைகீழ். அங்க நூலும் செராமிக், சுத்தி இருக்கிறதும் செராமிக், ரெண்டும் கெட்டியா ஒட்டிக்கிச்சுன்னா வெளியில விழுந்த விரிசல் நேரா வந்து நூலையும் அறுத்துட்டுப் போயிரும். அதனால நடுவுல வேணும்னே வீக்கான ஒரு லேயர் போடுறாங்க, விரிசல் வந்தா அந்த லேயர்ல திரும்பி நூல் ஓரமாவே ஓடி வேகம் கெட்டுப்போகும். சரியா வேலை செஞ்ச பீஸை உடைச்சு மைக்ராஸ்கோப்புல பாத்தா, பனை மட்டையை முறிச்சா நார் நீட்டிக்கிட்டு நிக்கும்ல, அப்படி நூல் நூலா வெளிய நிக்கும். கோட்டிங் சொதப்பின பீஸ் வழவழன்னு ஒரே வெட்டா இருக்கும்.

இத்தனைக்கும் நூல் 10ல இருந்து 15 மைக்ரான் தடிமன்தான், அது மேல அரை மைக்ரான் அளவுக்கோ அதுக்கும் கம்மியாவோ பூச்சு, அதுவும் ஒரு கத்தையில இருக்கிற நூத்துக்கணக்கான நூல்ல ஒவ்வொண்ணையும் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம.

முதல்ல கார்பன். மீத்தேன், புரொப்பேன் மாதிரி கேஸை 1000 டிகிரி வாக்குல நூல் மேல விட்டா கார்பன் அடுக்கடுக்கா படியும், பைரோலிட்டிக் கார்பன்னு பேரு. ரொம்ப காலமா இருக்கிற வழி, செலவு கம்மி, விரிசலைத் திருப்புறதுல இதை அடிச்சுக்க ஆளில்லைன்னே சொல்லலாம். பிரச்சனை ஒண்ணுதான், கார்பன் எரியும். காத்துல 500 டிகிரி வந்தாலே போக ஆரம்பிச்சிரும், விரிசல் வழியா உள்ள போற ஆக்சிஜன் நூலைச் சுத்தி இருக்கிற லேயரைத் தின்னுட்டு வெறும் இடைவெளியை விட்டுட்டுப் போகும். இதுல வேடிக்கை என்னன்னா ரொம்பச் சூட்டுல நிலைமை கொஞ்சம் தேவலை, நூலும் சுத்தி இருக்கிறதும் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடுங்கிற செராமிக், அது ஆக்சிடைஸ் ஆகி கண்ணாடியா மாறி அந்த இடைவெளியோட வாயை அடைச்சிரும். 600, 800 டிகிரிலதான் அந்தக் கண்ணாடி போதுமான அளவு வராது, கார்பன் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். 1200 டிகிரி தாங்கும்னு மட்டும் போட்டிருக்கிற டேட்டா ஷீட்டை நான் நம்புறதே இல்ல, ஏன்னா அடி வாங்குறது நடுச்சூட்டுல.

அடுத்து போரான் நைட்ரைடு. இதுவும் கார்பன் போலவே அடுக்கு அடுக்கான அமைப்புதான், அதனால வழுக்கும், விரிசலையும் திருப்பும், ஆனா காத்துல 800 டிகிரி தாண்டி நிக்கும். போரான் ட்ரைகுளோரைடையும் அம்மோனியாவையும் சேத்து விட்டு படிய வைக்கிறாங்க, கூடவே அமோனியம் குளோரைடு வெள்ளைப் பொடியா வந்து எக்ஸாஸ்ட் பைப்பை அடைக்கும், அந்தத் தொல்லை வேற. ஆக்சிடைஸ் ஆனாலும் இதுல ஒரு நன்மை இருக்கு, வர்ற போரான் ஆக்சைடு 450 டிகிரிலயே உருகி விரிசலுக்குள்ள ஓடி அடைச்சிரும். 2016ல பயணிகள் விமானத்துல பறக்க ஆரம்பிச்ச லீப் ஜெட் இன்ஜின்ல டர்பைன் ஷ்ரௌட், அதாவது டர்பைன் பிளேடுகளைச் சுத்தி இருக்கிற வளையம், சிலிக்கான் கார்பைடு காம்போசிட்தான், ஜிஇ (ஜெனரல் எலெக்ட்ரிக்) கம்பெனி செய்யிற அந்த வகை மெட்டீரியல்ல நூல் மேல இருக்கிறது போரான் நைட்ரைடு சார்ந்த கோட்டிங்.

இப்ப நம்ம ஊர் ஆளுங்க கவனிக்க வேண்டிய இடம். போரான் ஆக்சைடுக்கு ஈரம் ஆகாது, தண்ணி ஆவி பட்டா போரிக் ஆசிட் வகை ஆவியா மாறி பறந்துரும், எந்த எரிபொருளை எரிச்சாலும் தண்ணி ஆவி வராம இருக்காது. அதைவிட மோசம், கம்மி சூட்டுல படிய வச்ச போரான் நைட்ரைடு சும்மா அலமாரியில கிடந்தாலே ஈரக்காத்து பட்டு கெட ஆரம்பிக்கும். கொண்டல் அடிக்கிற மாசத்துல தொண்டியிலயோ கீழக்கரையிலயோ கோட்டிங் போட்ட நூலை கவர் பிரிச்சு வச்சீங்கன்னா இன்ஜினுக்குப் போறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிரும், அதனால சீல் பண்ணின கவர்ல ட்ரையா வைக்கணும். தீர்வு இல்லாம இல்ல, 1400 டிகிரிக்கு மேல படிய வச்சா அடுக்கு ஒழுங்கா அமையும், கொஞ்சம் சிலிக்கான் கலந்தாலும் ஈரத்தைத் தாங்கும், மேல இன்னொரு சிலிக்கான் கார்பைடு லேயர் போட்டும் மூடுறாங்க. ஆனா எல்லா நூலும் அந்த 1400ஐத் தாங்காது, மலிவான பழைய வகை சிலிக்கான் கார்பைடு நூல்ல ஆக்சிஜன் ஜாஸ்தி, அந்தச் சூட்டுல நூலே சிதைஞ்சிரும்.

மோனசைட் வேற ரகம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கிற அதே தாதுக் குடும்பம்தான், ஆனா கோட்டிங்குக்கு எடுக்கிறது லேப்ல செஞ்ச சுத்தமான லாந்தனம் பாஸ்பேட், மணல்ல இருக்கிற கதிரியக்கத் தோரியம் பத்தின பயம் வேண்டாம். இது அலுமினா மாதிரி ஆக்சைடு நூலுக்கான பூச்சு, அலுமினாவோட இது லேசாத்தான் ஒட்டும்னு 1995ல அமெரிக்காவுல மார்கன், மார்ஷல்னு ரெண்டு பேர் காட்டினாங்க. ஏற்கனவே ஆக்சைடு, அதனால எரியிற பேச்சே இல்ல. ஆனா லாந்தனமும் பாஸ்பரஸும் சரிக்குச் சரி இருக்கணும், பாஸ்பரஸ் கூடினா அலுமினா நூலையே அரிச்சு பலத்தைக் குறைச்சிரும், லாந்தனம் கூடினா அலுமினாவோட ரியாக்ட் ஆகி கெட்டியா ஒட்டிக்கும். அலுமினா நூலும் 1000, 1100 டிகிரி தாண்டினா லோடுல மெல்ல நீள ஆரம்பிச்சிரும். நிறைய பேர் இந்தத் தலைவலியே வேண்டாம்னு மேட்ரிக்ஸையே, அதாவது நூலைச் சுத்தி இருக்கிற செராமிக்கையே, ஓட்டை ஓட்டையா செஞ்சு கோட்டிங் இல்லாமலே சமாளிக்கிறாங்க, எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது.

உப்பைப் பத்தி கேப்பீங்க. கடல் உப்பும் எரிபொருள்ல இருக்கிற கந்தகமும் சேந்தா சோடியம் சல்பேட், 884 டிகிரில உருகி சிலிக்கான் கார்பைடு மேல இருக்கிற சிலிக்கா தோலைக் கரைச்சிரும். இதுக்கு உள்ள இருக்கிற எந்தக் கோட்டிங்கும் பதில் சொல்லாது, வெளிய தனியா ஒரு பேரியர் கோட்டிங் வேணும், வழுதூர் மின் நிலையத்து கேஸ் டர்பைன் மாதிரி கடலோரத்துக் காத்தை இழுக்கிற மெஷின்னா இன்டேக் ஃபில்டரும் ஒழுங்கா இருக்கணும்.

என் தேர்வு இதுதான். ஆக்சிஜன் படாத இடம், இல்ல சில நிமிஷம் மட்டும் ஓடுற ராக்கெட் நாசில்னா கார்பனே போதும், காசை வீணாக்காதீங்க. 1000 டிகிரிக்குள்ள வருஷக்கணக்குல எக்ஸாஸ்ட்ல கிடக்கணும்னா அலுமினா நூல் போட்ட ஆக்சைடு காம்போசிட், மோனசைட் கட்டாயமில்ல. உச்சிப்புளியில இறங்குற ஹெலிகாப்டர் மாதிரி தினமும் கடல் காத்தைக் குடிக்கிற இன்ஜினோட சூடான பாகத்துக்கு சிலிக்கான் கலந்த போரான் நைட்ரைடு, மேல சிலிக்கான் கார்பைடு, அதுக்கும் வெளிய பேரியர். விக்கிறவர்கிட்ட 1200 டிகிரி ரிசல்ட்டைக் கேக்காதீங்க, 700 டிகிரில ஈரக்காத்துல லோடு வச்சு எத்தனை மணி நேரம் நின்னுச்சுன்னு கேளுங்க.