நிலா பற்றிய படப் புத்தகம்: குழந்தையோடு நீங்களும் உட்காருங்கள்

என் மகளுக்கு 5 வயது. நிலா பற்றிய இந்தப் படப் புத்தகத்தை ஒரு வாரமாகத் தூங்கப் போகும் முன் சேர்ந்து படிக்கிறோம், இன்னும் அலுக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டே வரிதான், மீதியெல்லாம் படம். ஆனால் அந்த இரண்டு வரியும் கேள்வியாக இருப்பதால் பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பந்து விளையாட்டு. அறையை இருட்டாக்கி, மேசை மேல் டார்ச்சை எரியவிட்டு, குழந்தை பந்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். பந்தின் ஓரத்தில் மெல்லிய கீற்று தெரிந்ததும் "அப்பா, பிறை!" என்று கத்தினாள். பந்தில் பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது, நமக்குத் தெரியும் பங்குதான் மாறுகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நிலா தேய்வதற்குப் பூமியின் நிழல்தான் காரணம் என்பதுபோல ஒரு படம் இருக்கிறது, அது தப்பு. அந்த நிழல் நிலா மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான். அந்தப் பக்கம் வந்தால் நிறுத்தி, பந்தை மறுபடி கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடைசிப் பக்கத்தில் தினமும் நிலாவை வரைய 30 கட்டங்கள் (அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய 29.5 நாள்). 7 நிரப்பிவிட்டோம், அதில் 2 வெறும் மேகம்.